கருப்பராயன் நகர்ந்த முந்நூறு அடி

வரலட்சுமிக்கு நேராக நடக்கத்தான் வரும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால்கூட, வாசலில் நின்று காலி இலை எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். கண்ணாலேயே அதுவரைக்கும் ஒரு கோடு இழுத்துக்கொள்வாள். அப்புறம் அந்தக் கோட்டின் மேலேயே போய் உட்காருவாள். நடுவில் நிற்கிற மாமன் மச்சான்கள்தான் விலகிக்கொள்ள வேண்டும். இருபத்தொரு வருஷமாக நில அளவர் வேலை பார்க்கிறவளுக்குக் கால் அப்படித்தான் பழகும். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் புருஷன் தம்பிதுரைக்கும் ஒரு நூல் பிசகினால் சோறு இறங்காது. அந்த வீட்டில் சண்டை வந்தால் பெரும்பாலும் அளவைப் பற்றித்தான் வரும்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை முந்நூறு அடி பிசகினாள். அதில் பதினோரு வீடுகள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போய்விட்டன.

கோயமுத்தூர் மாவட்டத்துக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தே பழக்கம். ஒரு காலத்தில் கரூர் அதில் இருந்தது, திருச்சியோடு போயிற்று. கொள்ளேகால் இருந்தது, மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது மைசூர்ப் பக்கம் போயிற்று. எழுபத்தொன்பதில் ஈரோடு தனிக்குடித்தனம் போனது. இரண்டாயிரத்து ஒன்பதில் திருப்பூர் போனது. ஒவ்வொரு தடவையும் செய்தித்தாளில் வண்ணப்படம் போடுவார்கள். இந்த நிறம் இவர்களுக்கு, அந்த நிறம் அவர்களுக்கு, நடுவில் தடிமனாக ஒரு கோடு. ஆனால் படத்தில் அரை அங்குலம் போகிற கோடு தரையில் எந்த வேலி ஓரமாகப் போகிறது, யார் வீட்டு மாட்டுச்சாலை வரைக்கும் வருகிறது என்று யாராவது நடந்து பார்த்தால்தானே தெரியும்? கோட்டை மேலே இருக்கிறவர்கள் போட்டுவிடுவார்கள். நடப்பதற்கு வரலட்சுமி மாதிரி ஒருத்தி வேண்டும்.

பெரும்பாலும் புதிய மாவட்டத்துக்கென்று புதிதாக எல்லை போடுவதில்லை. இந்தந்தக் கிராமம் இங்கே, இந்தந்தக் கிராமம் அங்கே என்று பிரித்துவிடுவார்கள். நேற்று வரை இரண்டு கிராமத்துக்கு நடுவில் சும்மா கிடந்த எல்லை இன்றைக்கு மாவட்ட எல்லை ஆகிவிடும். நேற்று வரை ஆடு உரசிக்கொண்டிருந்த கல்லுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிடும். அந்தக் கல் எல்லாம் இருக்கிறதா, இல்லாத இடத்தில் எங்கே நடுவது என்று பார்ப்பதுதான் இரண்டாயிரத்து ஒன்பது பங்குனியில் வரலட்சுமிக்கு வந்த வேலை. நல்லமரத்துப்பாளையத்தின் கிழக்கு எல்லை, மூன்று கிலோமீட்டர். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ‘பொம்பளை சர்வேயர்’ என்றால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள் என்று அலுவலகத்தில் நாலு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு பேருக்காக அவள் வேகாத வெயிலில் இறங்கினாள். பிடிவாதம்தான், வேறென்ன.

பள்ளத்து முனையில் ஒரு கல் இருந்தது. அதற்கடுத்து வரைபடத்தில் இருந்த மூன்று கற்களையும் காணோம். ஒன்று யாரோ ஒருவர் வீட்டுக் குழாயடியில் துணி துவைக்கிற கல்லாக இருந்தது. மற்ற இரண்டும் என்ன ஆயின என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அளவுச் சங்கிலி பிடிக்கக் கூட வந்த செயின்மேன் தேடிக்கொண்டு அடுத்த காட்டுக்குள் போய்விட்டார். அவள் மட்டும் வேலியோரமாக நடந்து கல்லுக்காட்டு வளவு என்ற சின்னக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாள். எண்ணிப் பார்த்தால் பதினோரு வீடு. வீடுகளுக்குக் கிழக்கே தார்ச்சாலை, மேற்கே ஒரு வேப்பமரம், அதன் அடியில் கருப்பராயன்.

கருப்பராயன் என்றால் அருவாளோடு மீசை வைத்த சிலை இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மஞ்சளும் குங்குமமும் அப்பி, நடுவில் இரண்டு வெள்ளிக் கண் பதித்திருந்தது. வரலட்சுமி குனிந்து பார்த்தாள். மஞ்சளுக்கு அடியில், கல்லின் உச்சந்தலையில், உளியால் வெட்டிய கூட்டல் குறி மங்கலாகத் தெரிந்தது. அது வெள்ளைக்காரன் காலத்து அளவைக்கல். எப்போதோ யாரோ ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தார், பார்த்தவர்கள் கும்பிட்டார்கள், கல் சாமியாகிவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் நிமிர்ந்து நிற்கிற எந்தக் கல்லுக்கும் இது நடக்கலாம்.

தேடிப் போன கல் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. உண்மையாகவே சுற்றியது. அப்படியே மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தாள்.

முதல் வீட்டிலிருந்து ஓடி வந்தவள் நஞ்சம்மாள். அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். கேள்வி கேட்டு நேரத்தைப் போக்கவில்லை. தோளில் கை கொடுத்துத் தூக்கிக் கொண்டுபோய்க் கயிற்றுக் கட்டிலில் சாய்த்தாள். ஒரு சொம்பு மோரை உப்புப் போட்டுக் குடிக்க வைத்தாள். வீங்கிப்போயிருந்த பாதங்களைத் தன் மடியில் தூக்கி வைத்து நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வரலட்சுமி எழுந்தபோது அவளுடைய செருப்பு அவள் காலுக்குள் போகவில்லை. நஞ்சம்மாள் நீல வார் போட்ட தன்னுடைய ரப்பர் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்தாள்.

“போட்டுக்குங்க அம்மிணி. அப்பறமேட்டுக் கொண்டாந்து குடுங்க.”

கிளம்பும்போது வரலட்சுமி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஏனுங்க, இந்தக் கருப்பராயன் எப்பவுமே இங்கதான் இருக்குதுங்களா?”

நஞ்சம்மாள் ஒரு நிமிஷம் அவள் வயிற்றைப் பார்த்தாள். “ஆமாங். எப்பவும் இங்கதானுங்க.”

வரலட்சுமி அளவுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். அந்தக் கல்லிலிருந்து அளந்து, காணாமல் போன கற்களுக்குப் புதுக் கல் நட்டாள். பள்ளத்து முனையிலிருந்து தூரத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். அதற்கு வந்த வழியே திரும்ப நடக்க வேண்டும். நடக்கவில்லை. புதுக் கோட்டின்படி கல்லுக்காட்டு வளவு எல்லைக்கு அந்தப் பக்கம், திருப்பூர் மாவட்டத்தில் விழுந்தது. ஒன்றரை மாதம் கழித்து நந்திதா பிறந்தாள். நீலச் செருப்பு மாடிப்படிக்கு அடியில் கொஞ்ச காலம் கிடந்தது. பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் வரலட்சுமிக்கு அவ்வப்போது நினைவுக்கு வரும். குழந்தைக்குப் பால் காய்ச்சும்போது மறந்தும் போகும்.

பதினாறு வருஷம் ஓடிவிட்டது. சங்கிலி போய் டேப் வந்து, டேப் போய் ரோவர் வந்தது. ரோவர் என்றால் ஒரு கம்பு, அதன் தலையில் வெள்ளைத் தட்டு. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டு, தான் நிற்கிற இடத்தை விரற்கடை சுத்தமாகச் சொல்லிவிடும். இரண்டாயிரத்து இருபத்தைந்து ஐப்பசியில், வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் கிராம எல்லைகளைச் சரிபார்க்கும் வேலை வந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எந்த எல்லையை மாற்ற வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் கணக்கெடுப்பு முடியும் வரைக்கும் ஒரு கோட்டையும் அசைக்கக் கூடாது என்று உத்தரவு.

வரலட்சுமி பழைய வரைபடத்தையும் ரோவர் தந்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒட்டின. நல்லமரத்துப்பாளையம் கிழக்கு எல்லை மட்டும் ஒட்டவில்லை. ஆவண அறையில் அக்பர் அலி இருந்தார். கோட்டைமேட்டுக்காரர், மூத்த வரைவாளர், கோடு போட்டே கண்ணாடி தடித்தவர். அவர் பழைய அளவுப் பதிவேட்டை எடுத்து, பள்ளத்து முனைக்கும் அந்தக் கல்லுக்கும் இருந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தார்.

“முந்நூறு அடி மேற்கே தள்ளிப் போயிருக்குதும்மா கல்லு. நீ அளந்ததுக்கு முன்னாடியே நகந்திருக்குது.”

“நான் கேட்டேனுங்கண்ணா. எப்பவும் அங்கதான்னு சொன்னாங்க.”

“யாரு?”

மோர் கொடுத்த கை, நீவிவிட்ட கை, எல்லாம் வரலட்சுமிக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் ஏன் பொய் சொன்னாள்? யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? திருப்பூரோடு போனால் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தார்களா? இத்தனை நாள் நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்த முகத்தைச் சந்தேகத்தோடு நினைக்க வேண்டி வந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனையாக இருந்தது.

அக்பர் அலி கதவை லேசாகச் சாத்தினார். “கல்லு எடம் மாறுனதுக்கு ஊர்க்காரங்க யாராச்சும் வாக்குமூலம் குடுத்தாத்தான் திருத்த முடியும். ஆனா ஒண்ணு. திருத்துனா, அன்னைக்கு அளந்தது யாருன்னு கேப்பாங்க. ஜனவரில பதவி உயர்வுப் பட்டியல் வருது, உன் பேரு மொத வரிசைல இருக்குது. யோசிச்சுக்கோம்மா.”

“யோசிச்சுப்போட்டேனுங்கண்ணா” என்றாள். இல்லை, யோசிக்கவே இல்லை. நேராக நடக்கிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

மறுநாள் கல்லுக்காட்டு வளவில் போய் இறங்கினாள். நஞ்சம்மாள் தக்காளிக் கூடையோடு எதிரில் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வரலட்சுமியை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க என்ற செருப்பப் போட்டுக்கிட்டுப் போன அம்மிணிதானுங்களே!”

வரலட்சுமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையில் ஆர்.எஸ்.புரத்தில் வாங்கிய இனிப்புப் பெட்டி இருந்தது. செருப்பு இல்லை.

வீட்டுக்குள் கூட்டிப்போய் நாற்காலி போட்டு, முதலில் மோர் கொடுத்தாள் நஞ்சம்மாள். பேச்சு தானாக வந்தது. ரேஷன் கடை முன்பு கூப்பிடு தூரத்தில் இருந்தது. இப்போது நாலு கிலோமீட்டர். ஒரு சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் மகள் சண்முகப்பிரியா பன்னிரண்டாவது முடித்த வருஷம் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நல்லமரத்துப்பாளையத்துக்காரர்கள் அங்கே போ என்றார்கள், அங்கே இருக்கிறவர்கள் இங்கே போ என்றார்கள். கையில் கிடைத்தபோது கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தாள். மறு வருஷம் படித்து, இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. நஞ்சம்மாள் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, மழை தண்ணியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வரலட்சுமி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். “இத்தனைக்கும் நான்தானுங்க காரணம். அன்னைக்கு நான் அளந்ததுதான் தப்பு” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் கேட்டாள். “கருப்பராயன் எப்பவும் அங்கதான்னு சொன்னீங்களே. என்னத்துக்குங்க அப்படிச் சொன்னீங்க?”

நஞ்சம்மாள் சிரித்தாள். தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“தடம் அகலம் பண்ணித் தார் போட்டப்ப, தொண்ணூத்தெட்டுலீங்க, சாமிய ரோட்டோரம் வண்டி உரசற எடத்துல எப்படியுங்க உட்டுவெக்கறது? பொங்கல் வெச்சு, ஆடு வெட்டி, மேக்கால வேப்பமரத்துக்குக் கொண்டாந்து வெச்சோம். எனக்குத் தெரியுமுங்க. ஆனா நீங்க அன்னைக்குக் கட்டில்ல கெடந்துக்கிட்டு என்னமோ உங்களுக்குள்ளயே சொல்லிக்கிட்டிருந்தீங்க. ‘கல்லு மட்டும் எடம் மாறியிருந்தா, பள்ளத்து மொனையிலிருந்து மறுபடியும் நடந்து அளக்கோணுமே சாமி’ன்னு. அந்தக் காலு, அந்த வயிறு, மணி பன்னண்டு வெய்யில். உண்மையச் சொன்னா நீங்க நடந்திருப்பீங்க. நடக்கற ஆளுதான்னு மொகத்துலயே தெரிஞ்சுது. அதான் இங்கதானுங்கன்னு சொல்லிப்போட்டேன். ஒரு கல்லு அக்கட்டால இருந்தா என்ன, இக்கட்டால இருந்தா என்ன, புள்ள நல்லபடியா பொறக்கோணும்னு நெனச்சேனுங்க. ஊடு வாசலே ஜில்லா மாறிப்போகும்னு எனக்கென்ன தெரியும்?”

தான் அப்படிச் சொன்னது வரலட்சுமிக்கு நினைவே இல்லை. கேட்டவளுக்குப் பதினாறு வருஷமாக நினைவிருந்தது. அந்தக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வரலட்சுமி அழுதாள். கண்ணில் தூசி என்றெல்லாம் சமாளிக்கவில்லை.

வெளியே வந்து ரோவரைத் தார்ச்சாலையின் கிழக்கு ஓரத்தில் நட்டாள். அதற்கு முன்பே நஞ்சம்மாள் விறுவிறுவென்று போய், ஒரு இடத்தில் காலால் தட்டி, “இங்கதானுங்க இருந்துது” என்று நின்றாள். வானத்தைக் கேட்டு ரோவர் சொன்ன இடமும் அவள் தட்டிய இடமும் ஒரு சாணுக்குள் இருந்தன.

வாக்குமூலம் எழுதினார்கள். சாலை போட்டபோது கல் இடம் மாறியது, மாற்றியபோது நான் உடனிருந்தேன் என்ற வரைக்கும் நஞ்சம்மாள் சொல்லச் சொல்ல வரலட்சுமி எழுதினாள். நஞ்சம்மாள் நிறுத்தவில்லை.

“கேட்டப்ப நாந்தான் பொய் சொன்னேன்னு அதையும் எழுதுங்க. உங்க மேல வந்துறப் போகுது.”

“அதுக்கு இந்தப் பாரத்துல எடம் இல்லீங்க” என்றாள் வரலட்சுமி.

இடம் இருந்தது. பாரத்தின் கடைசியில், ‘முந்தைய பிழைக்கான காரணம்’ என்று நாலு வரிக்குக் காலியாக விட்டிருந்தார்கள். ‘உள்ளூர்வாசி தவறான தகவல் அளித்தார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் பழி நஞ்சம்மாளோடு போயிருக்கும், பதவி உயர்வும் வந்திருக்கும். அலுவலகத்துக்கு வந்து, அக்பர் அலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுதினாள்: ‘பள்ளத்து முனையிலிருந்து தூரத்தைச் சரிபார்க்காதது அளவரின் தவறு.’ கீழே தன் பெயரைப் போட்டாள். அக்பர் அலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அன்றைக்கே வரைபடத்தில் கோட்டை மேற்கிலிருந்து கிழக்குக்கு வளைத்து, பதினோரு வீட்டையும் பழையபடி கோயமுத்தூருக்குள் போட்டுக் கொடுத்தார். கோப்பு அவருடைய கையால் மேசை மேசையாகப் போயிற்று. இல்லாவிட்டால் டிசம்பரில் அது எங்கே முடிந்திருக்கும்?

உத்தரவு இருபத்தாறாம் தேதி வந்தது. விளக்கம் கேட்டு அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. ஜனவரிப் பட்டியலில் பெயர் வராது, அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். தம்பிதுரை கொதித்தார். “ஒரு வருஷந்தானுங்க. அந்தப் புள்ள சண்முகப்பிரியாவும் ஒரு வருஷம் உக்காந்திருந்தாளல்ல” என்றாள் வரலட்சுமி. அப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி பழைய இடத்தில் புதுக் கல் நட்டார்கள். பள்ளி அரையாண்டு விடுமுறை, அதனால் நந்திதாவையும் அழைத்துக்கொண்டு போனாள். பதினாறு வயது, அம்மாவைவிட அரைச் சாண் உயரம். இந்தத் தடவை வரலட்சுமி கையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீல வார்தான் வேண்டும் என்று நாலு கடை ஏறி இறங்கிக் கண்டுபிடித்திருந்தாள்.

நஞ்சம்மாள் செருப்பைப் பார்க்கக்கூட இல்லை. நந்திதாவைத்தான் பார்த்தாள். கிட்டே வந்து, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

“இந்தக் கண்ணுதானா அன்னைக்கு வயித்துக்குள்ள இருந்தது?”

“ஆமாங்க” என்றாள் வரலட்சுமி.

“போதுமுங்க. நான் சொன்ன பொய் வீணாப் போகலீங்க.”

வரலட்சுமிக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை மேடையில்தான் சொல்வார்கள். நேருக்கு நேர் சொல்லிப் பழக்கமில்லை. அவள் குனிந்து, செருப்பை நஞ்சம்மாளின் காலடியில் வைத்து, கல்லும் முள்ளும் நடந்து வெடித்துக் கிடந்த அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். நஞ்சம்மாள் பதறி, “அட எந்திரிங்க அம்மிணி” என்று தூக்கப் பார்த்தாள்.

குழியில் சிமென்ட் இறுகிக்கொண்டிருந்தது. கல் நேராக நிற்கிறதா என்று அளவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆட்கள் காத்திருந்தார்கள். வரலட்சுமி திரும்பிப் பார்த்தாள், கண்ணில் நீர் திரண்டு அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

“நேராத்தாம்மா இருக்குது” என்றாள் நந்திதா.